ஞாபகத்தை அளக்கும் கோல் யாருடையது?

(எட்டயபுரத்தில் மில் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடியிருந்த கூட்டத்தில் பேசியது)



ஞாபகசக்தியைப் பற்றிப் பேசுவதற்கு எட்டயபுரம் தோதான ஊர். முத்துசாமி தீட்சிதர் 1835-ல் இங்கேதான் கண்ணை மூடினார். அவருடைய கீர்த்தனைகள் பெரிய தொகுதியாக அச்சேறியது எப்போது? 1904-ல், அவர் குடும்ப வழியில் வந்த சுப்பராம தீட்சிதர் இதே ஊரில் புத்தகமாகப் பதிப்பித்தபோதுதான். இடையில் எழுபது ஆண்டு அந்தப் பாட்டுகள் பெரும்பாலும் எங்கே இருந்தன? சீடர்களின் தொண்டையிலும் நெஞ்சிலும் இருந்தன. அரண்மனை வித்வான்களின் நெஞ்சு மட்டும்தானா? 1799-ல் கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கில் போட்டார்கள். அவன் கதையைப் பாட்டாகக் கட்டித் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றியது ஏட்டுப் படிப்பில்லாத ஜனங்கள். எட்டயபுரத்தில் நின்றுகொண்டு கட்டபொம்மன் பேச்சை எடுத்தால் இன்றைக்கும் சில பெரியவர்கள் நெளிவார்கள். அந்த நெளிவும் ஒரு ஞாபகம்தான்! நா. வானமாமலை நாட்டுப் பாடல்களைத் தேடித் தொகுத்தாரே, அவை உழைக்கும் ஜனங்களின் வாயிலிருந்துதான் வந்தன.

இப்படிப்பட்ட ஜனங்களிடம் இன்றைக்கு என்ன கொண்டுவந்து விற்கிறார்கள்? ஞாபகசக்தி டானிக்!

பங்குனி பிறந்து பரீட்சை நெருங்கினால் போதும், மருந்துக் கடையில் அதற்கென்று தனி அலமாரி. பெட்டியின்மேல் சிரிக்கிற பையன் படம், பக்கத்தில் வெள்ளைக் கோட்டுப் போட்டவர் படம். தீப்பெட்டி ஆபீசில் நாளெல்லாம் உட்கார்ந்து சம்பாதித்த கூலியை ஒரு தாய் அந்தப் பாட்டிலுக்குக் கொடுக்கிறாள். ஏன் கொடுக்கிறாள்? பெட்டியில் அச்சடித்திருக்கிறது: 'மருத்துவப் பரிசோதனையில் நிரூபிக்கப்பட்டது.' இன்றைக்கு நான் பேச வந்தது இந்த ஒரு வாக்கியத்தைப் பற்றித்தான். என்ன பரிசோதனை? யாரை வைத்து? எந்தக் கோலால் அளந்தார்கள்?

பாதிக் காடும் மீதிக் காடும்

பரிசோதனை என்றால் என்ன என்று உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. புதுப் பருத்தி விதை வந்திருக்கிறது. விற்கிறவன் வானளாவப் புகழ்கிறான். அவன் பேச்சை நம்பி மொத்தக் கரிசலிலும் விதைப்பீர்களா? மாட்டீர்கள். பாதிக் காட்டில் புது விதை, மீதியில் பழைய விதை. அதே மண், அதே மழை, அதே உரம். அப்புறம் எடை போட்டுப் பார்ப்பீர்கள். கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் நூறு ஆண்டுக்கு மேலாக நடப்பதும் அடிப்படையில் இதுதான்.

மனிதனுக்கு மருந்து கொடுத்துப் பார்ப்பதும் அப்படித்தான். ஆனால் பருத்திச் செடிக்கு இல்லாத மூன்று சங்கடங்கள் மனிதனிடம் உண்டு. முதலாவது, மருந்து சாப்பிடுகிறோம் என்ற நம்பிக்கையே அவனைத் தேற்றிவிடும். இரண்டாவது, ஞாபகத்துக்கே உரிய சங்கடம். இன்றைக்குப் பத்து வார்த்தைகளை வாசித்துக் காட்டித் திருப்பிச் சொல்லச் சொல்கிறோம். ஒருவர் ஐந்து சொல்கிறார். மாதம் கழித்து அதே மாதிரிப் பரீட்சை வைத்தால் ஏழு சொல்வார். மருந்து வேலை செய்ததா? இல்லை, பரீட்சை பழகிவிட்டது! மூன்றாவது, அளக்கிற டாக்டருக்கே அந்த மருந்தின்மேல் ஆசை இருந்தால் அவர் கை தராசுத் தட்டைத் தன்னை அறியாமல் அழுத்திவிடும்.

ஆகவேதான் நேர்மையான பரிசோதனையில் சீட்டுக் குலுக்கி ஆட்களை இரண்டு கூட்டமாகப் பிரிக்கிறார்கள். ஒரு கூட்டத்துக்கு மருந்து. மற்றொன்றுக்கு அதே நிறம், அதே வடிவம், உள்ளே மருந்தில்லாத வெற்று மாத்திரை. யாருக்கு எது என்பது சாப்பிடுகிறவருக்கும் தெரியாது, அளக்கிறவருக்கும் தெரியாது. கடைசியில்தான் கட்டை அவிழ்ப்பார்கள். இது இல்லாத பரிசோதனையைப் பரிசோதனை என்று சொல்வது, தராசில்லாத கடையில் எடை சரியாக இருக்கிறது என்று சொல்வது போல.

நீர்ப்பிரமியும் சொறிமீனும்

டானிக் பாட்டிலில் அதிகம் அடிபடுகிற பெயர் பிரமி. தமிழ்நாட்டில் ஞாபகத்துக்கு வல்லாரை என்போம். வடக்கே வல்லாரைக்கும் பிரமி என்ற பெயர் உண்டு. கண்மாய்க் கரை ஈரத்தில் படர்கிற நீர்ப்பிரமிக்கும் அதே பெயர்தான். இரண்டும் வேறு வேறு செடி. பெயர்க் குழப்பத்தில் ஒன்றின் புகழை மற்றொன்று தின்று கொழுக்கிறது. ஆராய்ச்சி நடந்ததில் பெரும்பகுதி நீர்ப்பிரமியில்தான். லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சிக் கழகம் நம் சர்க்கார் நிறுவனம். அங்குள்ள விஞ்ஞானிகள் அந்தச் செடியின் சத்தைப் பிரித்து, நீண்ட காலம் ஆராய்ந்தார்கள்.

மனிதர்களிடம் நடந்த நல்ல பரிசோதனைகளில் சில ஆஸ்திரேலியாவில் நடந்தவை. 2001-ல் வெளிவந்தது ஒன்று: 46 பேர், நாளுக்கு 300 மில்லிகிராம் சத்து, 12 வாரம். ஐந்தாவது வாரம் பார்த்தபோது ஒன்றும் இல்லை. 12 வாரம் முடிந்தபோதுதான் கற்பதில் கொஞ்சம் மாற்றம் தெரிந்தது. 2002-ல் 40 முதல் 65 வயது வரை உள்ள 76 பேரிடம் இன்னொன்று. அதில் கற்கும் வேகம் கூடவில்லை. ஆனால் புதிதாகக் கற்றது மறந்துபோவது குறைந்தது. 2010-ல் வந்த ஆராய்ச்சியில் 55 வயதைக் கடந்த 98 பேர் சேர்ந்தார்கள், 81 பேர்தான் முடித்தார்கள். ஞாபகத்தில் பலன் தெரிந்தது. கூடவே வயிற்றைப் புரட்டுவதும், அடிக்கடி வெளிக்குப் போவதும் இருந்தது.

ஆக, செடி வெறும் புரட்டு என்று சொல்ல நான் வரவில்லை. அதில் ஏதோ இருக்கிறது. ஆனால் தோழர்களே, கவனியுங்கள். இவையெல்லாம் வயது வந்தவர்களிடம், அளந்து எடுத்த சத்தைக் கொடுத்து, மூன்று மாதம் நடந்தவை, சிறிய பரிசோதனைகள். நாளை மறுநாள் கணக்குப் பரீட்சை எழுதப்போகிற பையனுக்கு இன்றைக்கு ஊற்றுகிற சர்க்கரைப் பாகுக்கு இவை எப்படிச் சாட்சி சொல்லும்?

சிறிய பரிசோதனையில் நம்பிக்கை தந்தது பெரியதில் கவிழ்வதும் உண்டு. ஜிங்கோ என்ற மரத்தின் இலைச் சத்தை உலகமெங்கும் ஞாபக மருந்தாக விற்றார்கள். அமெரிக்காவில் 75 வயதைக் கடந்த 3,069 பேரை எடுத்து, ஏறக்குறைய ஆறு ஆண்டு பார்த்து, 2008-ல் முடிவைச் சொன்னார்கள். மறதி நோய் வந்தவர்கள் வெற்று மாத்திரைக் கூட்டத்தில் 246 பேர். ஜிங்கோ சாப்பிட்ட கூட்டத்தில் 277 பேர்! மருந்து தடுக்கவில்லை. ஆனாலும் கடைகளில் இருந்து ஜிங்கோ மறைந்துவிடவில்லை.

இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. தூத்துக்குடிக் கடற்கரையில் வலை இழுக்கிறவரிடம் சொறிமீன் என்று சொல்லிப் பாருங்கள், கையைத் தேய்த்துக்கொள்வார். பட்டால் அப்படி அரிக்கும். அந்தச் சொறிமீனில் முதலில் கண்டெடுத்த ஒரு புரதத்தைக் கொண்டு ப்ரீவாஜென் என்று ஞாபக மாத்திரை விற்றது அமெரிக்காவில் குவின்சி பயோசயின்ஸ் என்ற கம்பெனி. அதற்காக அவர்களே ஒரு பரிசோதனை நடத்தினார்கள். 218 பேர். முறைப்படி வெற்று மாத்திரைக் கூட்டமும் வைத்தார்கள். முடிவு என்ன? ஒன்பது விதமான ஞாபக, அறிவுப் பயிற்சிகளில் ஒன்றில்கூட மருந்துக் கூட்டம் மற்றதைவிடத் தெளிவாக முந்தவில்லை.

யோக்கியமான வியாபாரி அந்த இடத்தில் கடையை மூடியிருப்பான். இவர்கள் என்ன செய்தார்கள்? அந்த 218 பேரையே இப்படி ஒரு சிறு கூட்டம், அப்படி ஒரு சிறு கூட்டம் என்று வெட்டி வெட்டி, முப்பதுக்கு மேற்பட்ட கணக்குகள் போட்டுப் பார்த்தார்கள் என்று அந்நாட்டு வர்த்தகக் கமிஷனும் நியூயார்க் மாகாண சர்க்காரும் 2017-ல் தொடுத்த வழக்கில் எடுத்துக் காட்டின. அத்தனை முறை சோழி உருட்டினால் ஏதாவது ஒன்றிரண்டு தடவை தாயம் விழத்தானே செய்யும்? விழுந்ததை மட்டும் படம் போட்டு விளம்பரப்படுத்தினார்கள். அந்த மாத்திரை ஞாபகத்தைப் பெருக்கும் என்று சொல்லக்கூடாது என 2024 டிசம்பரில் நீதிமன்றம் தடை போட்டது. வழக்குத் தொடுத்து ஏழு ஆண்டு கழித்து! அந்த ஏழு ஆண்டில் விற்றது விற்றதுதான்.

அறுபத்தாறு பேருக்குப் பத்து

இனி அளவுகோலுக்கு வருவோம். என் பேச்சில் எனக்கு முக்கியமாகப் படுவது இந்த இடம்.

மறதி நோயைக் கண்டுபிடிக்க உலகம் முழுவதும் அதிகமாகப் பயன்பட்டுவந்த பரீட்சைத்தாள் ஒன்று 1975-ல் அமெரிக்காவில் வந்தது. மொத்தம் 30 மதிப்பெண். இன்றைக்கு என்ன தேதி? நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டே போ. ஒரு வாக்கியம் எழுது. இந்தப் படத்தைப் பார்த்து அப்படியே வரை. இப்படிப் போகிறது தாள்.

நம் கிராமத்தில் எழுபது வயதுப் பாட்டி ஒருத்தியின் முன்னால் இந்தத் தாளை வையுங்கள். பென்சிலையே பிடித்தறியாத கை அது. இங்கிலீஷ் தேதி அவளுக்கு எதற்கு? ஆனால் எந்தக் கார்த்திகையில் எந்தக் கண்மாய் உடைந்தது, அந்த வருஷம் யார் வீட்டில் யார் பிறந்தார்கள் என்று கேளுங்கள், மூச்சு விடாமல் சொல்வாள். தாள் என்ன சொல்லும்? 'புத்தி மங்கியவள்' என்று சொல்லும்! பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாதது சமுதாயத்தின் குற்றம். மதிப்பெண் குறைவது பாட்டிக்கு.

சோவியத் மனோதத்துவ அறிஞர் லூரியா 1931, 32-ல் உஸ்பெகிஸ்தான் கிராமங்களுக்குப் போனார். பனி மூடிய வடதேசத்தில் கரடியெல்லாம் வெள்ளை, அங்கே இன்ன ஊரில் கரடி என்ன நிறம் என்று எழுத்தறியாத விவசாயிகளிடம் கேட்டார். நான் அங்கே போனதில்லையே, பார்த்தவரைக் கேளுங்கள் என்கிற மாதிரி பதில் வந்தது. அதை மந்தபுத்தி என்று லூரியா எழுதவில்லை. வாழ்க்கை முறையும் படிப்பும் மாறினால் சிந்திக்கிற பாணியும் மாறும் என்றார். (எனக்கென்னவோ அந்த விவசாயியின் பதில் ரொம்ப நாணயமான பதிலாகத்தான் படுகிறது. பாராததைப் பார்த்ததாகச் சொல்லவில்லையே!)

இந்தியாவில் இதை உணர்ந்து வேலை செய்தவர்கள் உண்டு. ஹரியானாவில் பல்லப்கட் கிராமங்களில் எழுத்தறியாத முதியவர்களுக்கும் பொருந்தும்படி அந்தத் தாளை இந்தியில் மாற்றி அமைத்து 1995-ல் வெளியிட்டார்கள் மேரி கங்குலியும் அவருடைய சகாக்களும். தமிழ்நாட்டில் சென்னையிலும், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியினர் மூலமாக வேலூரைச் சுற்றிய கிராமங்களிலும் நடந்தது '10/66' என்ற ஆராய்ச்சி. அதென்ன பெயர்? மறதி நோய் உள்ளவர்களில் நூற்றுக்கு 66 பேர் ஏழை நாடுகளில் இருக்கிறார்கள். ஆராய்ச்சியோ நூற்றுக்குப் பத்துக்கும் குறைவாகத்தான் அவர்களைப் பற்றி நடக்கிறது. பெயரிலேயே நியாயம் கேட்கிற ஆராய்ச்சி!

ஏழு நாடுகளில் 65 வயதைக் கடந்த 14,960 பேரைப் பார்த்தார்கள். முடிவு 2008-ல் வந்தது. அமெரிக்க டாக்டர்களின் விதிப் புத்தகப்படி கணக்கிட்டால் நம் வேலூர்க் கிராமங்களில் மறதி நோய் நூற்றுக்கு 0.3 பேருக்குத்தான், கியூபாவில் 6.3. ஆகா, நம் கிராமத்தில் நோயே இல்லை என்று சந்தோஷப்படலாமா? படிப்பறியாதவர்களுக்கும் ஏற்ற புதிய கோலால் அதே ஜனங்களை அளந்தபோது எந்த ஊரிலும் நூற்றுக்கு 5.6-க்குக் கீழே வரவில்லை. வேலூர்க் கிராமங்களும் அதில் சேர்த்திதான். அதே மனிதர்கள், அதே மூளை. கோல் மாறியது, எண்ணிக்கை பல மடங்கு ஏறியது!

முதல் கோல் ஏன் பொய்த்தது? மறதியால் அன்றாட வேலை கெட்டுப்போகிறது என்று வீட்டார் சொன்னால்தான் நோய் என்பது அந்த விதி. நம் வீடுகளில் என்ன வழக்கம்? அப்பத்தா அடுப்பைப் பார்க்க வேண்டாம், மருமகள் பார்த்துக்கொள்கிறாள். சந்தைக்குப் போக வேண்டாம், பேரன் போகிறான். வேலையை நாம் வாங்கிக்கொண்டோம். கெட்டுப்போக என்ன இருக்கிறது? கேட்டால், வயசானால் அப்படித்தானே என்கிறோம். ஒரு கோல் படிக்காதவரை நோயாளி ஆக்குகிறது. இன்னொரு கோல் நோயாளியைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. இரண்டிலும் வைத்தியம் யாருக்குக் கிடைக்காமல் போகிறது என்று பாருங்கள். இந்தியா முழுவதும் எடுத்த ஓர் ஆய்வின் கணக்கு 2023-ல் வந்தது: 60 வயதைக் கடந்தவர்களில் நூற்றுக்கு 7.4 பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு மறதி நோய். ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். பட்டணத்தைவிடக் கிராமத்தில் அதிகம். பணக்காரன் வியாதி என்று எண்ணிக்கொண்டிருந்தவர்கள் கவனிக்க வேண்டும்.

சம்மதம் சொன்னதையே மறந்தால்?

நாளைக்கு நம் ஊருக்கும் மருந்துப் பரிசோதனை என்று ஆட்கள் வரலாம். வரவே கூடாது என்று விரட்டுகிற கட்சி நானில்லை. நம்மை வைத்துப் பார்க்காத மருந்து நமக்குச் சேருமா என்று எப்படித் தெரியும்? ஆனால் ஞாபகப் பரிசோதனையில் ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது.

அமெரிக்காவில் ஹென்றி மொலைசன் என்று ஒரு தொழிலாளி. பட்டறையில் வேலை செய்தவர். காக்காய் வலிப்பு அவரை வாட்டியது. 1953-ல், அவருக்கு 27 வயது, வலிப்பு நிற்கும் என்று மூளையின் இரு பக்கமும் உள்ளே ஒரு பகுதியை வெட்டி எடுத்தார் ஒரு டாக்டர். வலிப்பு குறைந்தது. ஆனால் அன்றிலிருந்து அவர் மனதில் புதிதாக எதுவும் தங்கவில்லை. பிரெண்டா மில்னர் என்ற அம்மையார் வந்து பல ஆண்டு பரிசோதித்தார். ஒவ்வொரு முறையும் தன்னைப் புதிதாக அறிமுகம் செய்துகொள்ள வேண்டியிருந்தது. ஆனால் ஓர் ஆச்சரியம். கண்ணாடியில் பார்த்து நட்சத்திரம் வரையச் சொன்னார்கள். முந்தின நாள் வரைந்தது அவருக்கு நினைவில்லை. கையோ நாளுக்கு நாள் தேர்ந்துகொண்டே வந்தது! கைக்கு ஒரு ஞாபகம், தலைக்கு வேறு ஞாபகம். அறுந்த இழையைப் பேசிக்கொண்டே விரலால் முறுக்கி ஒட்டுகிற மில் தோழருக்கு இது புதுச் செய்தியல்ல. விஞ்ஞானத்துக்கு அன்று அது புதிது. 2008-ல் சாகும்வரை அவரை ஆராய்ந்தார்கள். ஞாபகத்தைப் பற்றி இன்று நாம் அறிந்ததில் எவ்வளவோ அந்தத் தொழிலாளி கொடுத்தது. ஆனால், என்னை வைத்துப் பார்க்கச் சம்மதம் என்று அவர் சொல்லியிருந்தாலும், சொன்னதை அவரே நினைவில் வைத்திருக்க முடியாதே!

மறதி நோய்ப் பரிசோதனை எதிலும் இந்தச் சிக்கல் இருக்கிறது. நோயாளிக்காகக் கையெழுத்துப் போடுவது மகனோ மகளோ. ஆகவே சட்டத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். பரிசோதனைகளைப் பொதுப் பதிவேட்டில் பதியும் ஏற்பாடு இந்தியாவில் 2007-ல் வந்தது. புது மருந்துப் பரிசோதனைகளுக்கு 2009 ஜூன் முதல் அது கட்டாயம். யாரும் பார்க்கலாம், மொபைல் போன் உள்ள இளைஞர் ஒருவர் போதும். 2019-ன் மத்திய சர்க்கார் விதிகளின்படி எழுதப் படிக்கத் தெரியாதவரிடம் சம்மதம் வாங்கும்போது பரிசோதனைக்குச் சம்பந்தமில்லாத ஒரு சாட்சி முழுக்க உடனிருக்க வேண்டும். தீங்கு நேர்ந்தால் இலவச வைத்தியம் உண்டு, நஷ்டஈடும் உண்டு. எப்போது வேண்டுமானாலும் விலகலாம். கைநாட்டு வைக்குமுன் பதிவு எண் என்ன என்று கேளுங்கள். பதில் வரவில்லையென்றால் பேச்சு முடிந்தது.

ஒரு நல்ல செய்தியையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் 50 வயதைக் கடந்த 9,361 இரத்தக் கொதிப்புக்காரர்களிடம் நடந்த பரிசோதனையின் முடிவு 2019-ல் வந்தது. கொதிப்பை 120-க்குக் கீழே இறக்கிய கூட்டத்தில் ஆரம்ப மறதித் தளர்ச்சி 287 பேருக்கு; 140-க்குக் கீழே என்று நிறுத்திய கூட்டத்தில் 353 பேருக்கு. முற்றிய மறதி நோயில் வித்தியாசம் உறுதியாகவில்லை, பரிசோதனை முன்கூட்டி நின்றுவிட்டது. எனக்கும் 120-க்கு இறக்கு என்று நீங்களாக மாத்திரையைக் கூட்டாதீர்கள், அளவு டாக்டர் சொல்ல வேண்டியது. ஆனால் ஞாபகத்துக்காக ஏதாவது விழுங்கியே ஆக வேண்டும் என்றால், சொறிமீன் மாத்திரையைவிட, சர்க்கார் ஆஸ்பத்திரியில் காசில்லாமல் தருகிற கொதிப்பு மாத்திரைக்குச் சாட்சி பலம்.

(பேச்சுக்குப் பிறகு ஒரு தாய் எழுந்து, தன் மாமியார் மூன்று மாதமாக உலை வைத்ததை மறந்துவிடுகிறார், இது வயதா வியாதியா என்று கேட்டார். அதற்குச் சொன்ன பதில்:)

அம்மா, சாவியை எங்கே வைத்தோம் என்று தேடுவது எல்லாருக்கும் வருகிறது. சாவி எதற்கு என்பதே தெரியாமல் கையில் வைத்துத் திருப்பிப் பார்த்தால் அது வேறு. மூன்று மாதத்தில் வந்த மாற்றம் என்கிறீர்கள், ஆகவே தள்ளிப்போடாதீர்கள். தைராய்டு குறைந்தாலும், பி-12 சத்துக் குறைந்தாலும், மனச்சோர்வு பிடித்தாலும் இப்படி மறதி வரும். அவற்றைப் பெரும்பாலும் சரிசெய்யலாம். ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும். இங்கே முடியாவிட்டால் தூத்துக்குடி மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுப்பார்கள். அவரைத் தனியாக அனுப்பாதீர்கள், பக்கத்து வீட்டாரோடும் அனுப்பாதீர்கள். எப்போது ஆரம்பித்தது, என்னென்ன மறக்கிறது என்று டாக்டர் கேட்பார். அதை அவரால் சொல்ல முடியாது. கூட இருக்கிற நீங்கள்தான் சொல்ல வேண்டும். ஒருநாள் கூலி போகும், தெரியும். போய்விட்டு வாருங்கள்.